ஏழு பேரில் மூன்று பெண்கள்: ஆரோவர்ஸ் கிராஸ்ஓவர் கேள்வி பதில்

அமெரிக்காவின் சிடபிள்யூ தொலைக்காட்சியில் 2012 முதல் 2023 வரை ஓடிய டிசி சூப்பர் ஹீரோ தொடர்களை ரசிகர்கள் மொத்தமாக ‘ஆரோவர்ஸ்’ என்று அழைக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை இத்தொடர்களின் நாயகர்களும் நாயகிகளும் ஒரே கதையில் சேரும் கிராஸ்ஓவர்தான் அதன் திருவிழா. அந்தத் திருவிழாவில் பெண்களுக்கு என்ன இடம் கிடைத்தது, ரசிகர்கள் எதற்கு மகிழ்ந்தார்கள், எதற்குக் கொதித்தார்கள் என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். கதையின் முடிவுகளை மறைக்காமல் பேசப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிப்பது நல்லது.

கேள்வி: நான் இப்போதுதான் இவற்றைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். எந்தக் கிராஸ்ஓவர் எந்த ஆண்டு என்று சுருக்கமாகச் சொல்லுங்கள், அக்கா.

2014 டிசம்பரில் ‘ஃப்ளாஷ் வெர்சஸ் ஆரோ’, இரண்டு எபிசோடுகள். 2015 டிசம்பரில் அதே இரண்டு தொடர்கள் மறுபடி சேர்ந்தன. ‘லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ’ தொடருக்கு அது முன்னோட்டம். 2016 நவம்பர் கடைசியில் வேற்றுக்கிரகவாசிகள் படையெடுக்கும் ‘இன்வேஷன்’. 2017 நவம்பர் 27, 28 தேதிகளில் நாஜிகள் வென்றுவிட்ட இன்னொரு பூமியிலிருந்து எதிரிகள் வரும் ‘கிரைசிஸ் ஆன் எர்த் எக்ஸ்’. 2018 டிசம்பரில் ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’. 2019 டிசம்பர் 8 அன்று தொடங்கி 2020 ஜனவரி 14 அன்று முடிந்த ஐந்து பகுதி ‘கிரைசிஸ் ஆன் இன்ஃபினிட் எர்த்ஸ்’. இந்தக் கடைசிக் கதையைக் கீழே ‘கிரைசிஸ்’ என்று மட்டும் குறிப்பிடுகிறேன்.

கேள்வி: போஸ்டரைப் பார்த்தால் பெண்கள் நிறையவே இருக்கிறார்கள். பிறகும் ஏன் ரசிகைகள் சமநிலை இல்லை என்கிறார்கள்? எண்ணிக்கை போதாதா?

போதாது. எண்ணிக்கை தேவைதான், ஆனால் அது முதல் படி மட்டுமே. நான் மூன்று கேள்விகளைக் கேட்பேன். கதையின் போக்கைத் திருப்பும் முடிவை எடுப்பது யார்? யாருடைய துயரத்துக்காகக் கதை சற்று நின்று காத்திருக்கிறது? ஒருத்தியின் கதையை அவளிடமிருந்து எடுத்துவிட்டால் அவளிடம் வேறு ஏதாவது மிஞ்சுகிறதா?

2015 கதையில் கெண்ட்ரா சாண்டர்ஸ் என்று ஒரு பாத்திரம். காபிக் கடையில் வேலை செய்கிறாள். அவள்தான் ஹாக்கேர்ள் என்று தெரியவருகிறது. கதை முழுவதும் அவளைச் சுற்றியே ஓடுகிறது, திரையில் அவளுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது, முதுகிலிருந்து சிறகுகள் முளைக்கின்றன. எண்ணிப் பார்ப்பவருக்கு முழுத் திருப்தி. ஆனால் அந்தக் கதை என்ன? பண்டைய எகிப்தில் இருவர் அவள்மீது ஆசைப்பட்டார்கள். ஒருவன் காதலன், இன்னொருவன் கொலைகாரன். நாலாயிரம் ஆண்டுகளாகப் பிறவிதோறும் ஒருவன் வந்து ‘நீ என்னவள்’ என்கிறான், மற்றவன் வந்து கொல்கிறான். இந்தப் பிறவியில் அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடம் உட்கார்ந்து கேட்க யாருக்கும் நேரமில்லை. அடுத்து வந்த ‘லெஜண்ட்ஸ்’ முதல் சீசனிலும் இரண்டு ஆண்களுக்கு இடையில்தான் அவளை நிறுத்தினார்கள். அந்தச் சீசனோடு அவள் போய்விட்டாள். சிறகுள்ள ஒரு நாயகியை வைத்துக்கொண்டு அவளைப் பறக்கவிடாமல் செய்தது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

கேள்வி: ‘இன்வேஷன்’ கதையில் ‘ஆரோ’ நாயகன் ஆலிவர் சூப்பர்கேர்ளைத் தள்ளி இருக்கச் சொல்கிறானே, அதற்கு ஏன் அவ்வளவு கோபம்? அவன் குணமே அப்படித்தானே?

அவன் குணத்துக்கு அது பொருந்துகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வில்லும் அம்பும் வைத்துத் தெருச் சண்டை போட்ட மனிதன். ஒரே வாரத்தில் வேற்றுக்கிரகவாசிகள், பல பூமிகள், காலப் பயணம் என்று எல்லாம் வந்து விழுகின்றன. தனக்குப் பழகிய உலகத்தில் கொஞ்சமாவது மிஞ்சட்டும் என்று சூப்பர்கேர்ளான காராவிடம் ‘இதில் நீ விலகி இரு’ என்கிறான். பிறகு மன்னிப்பும் கேட்கிறான்.

ஆனால் அதற்கு முன்பே நடந்தவற்றைச் சேர்த்துப் பாருங்கள். நான்கு இரவுக் கிராஸ்ஓவர் என்று விளம்பரம் செய்தார்கள். முதல் இரவு சூப்பர்கேர்ள் தொடரின் எபிசோடு. அதில் ஃப்ளாஷான பாரியும் அவன் நண்பன் சிஸ்கோவும் கடைசி நிமிடத்தில்தான் வந்து காராவை அழைக்கிறார்கள். ஆக அவள் தொடருக்குக் கிடைத்தது அந்தக் கடைசிக் காட்சி மட்டும். அடுத்த இரவில் எதிரிகள் நாயகர்களின் மனத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள்; எல்லாரையும்விட வலிமையானவள் சொந்த நினைவின்றி அடிக்கும் ஆயுதமாகிறாள், பாரி தந்திரம் செய்து காப்பாற்றுகிறான். மூன்றாம் இரவு ஆரோவின் நூறாவது எபிசோடு. அதில் பெரும்பகுதி ஆலிவரும் மற்றவர்களும் சிறைப்பட்டுக் காணும் கனவு. நான்காம் இரவில் ‘விலகி இரு.’ அத்தனை தூரம் அவளை ஒதுக்கிவைத்துவிட்டு, அந்த வசனத்தையும் சேர்த்தால் ரசிகைகளுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? அவர்கள் ஆலிவர் என்ற பாத்திரத்திடம் சண்டை போடவில்லை. கதை அமைத்தவர்களிடம் கணக்குக் கேட்டார்கள்.

கேள்வி: அந்தக் கனவு எபிசோடில் லாரல் வருவது எனக்கு மிகவும் பிடித்த காட்சி. அதையும் குறை சொல்கிறார்கள். நியாயமா?

காட்சி அழகானதுதான். இறந்துபோன அக்கா லாரலைக் கனவில் பார்க்கும் ‘லெஜண்ட்ஸ்’ நாயகி சாரா, இது பொய் என்று தெரிந்தும் அவளை விட்டுப் போக முடியாமல் தவிப்பதைக் கேய்ட்டி லாட்ஸ் நடித்த விதத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம்.

ஆனால் லாரல் ஏன் இறந்தாள் என்பதை மறக்க முடியாது. 2016 ஏப்ரலில் வில்லன் டேமியன் டார்க் அவளைக் குத்தியது அவளோடு இருந்த பகைக்காக அல்ல, தனக்குத் துரோகம் செய்த அவள் தந்தையைத் தண்டிப்பதற்காக. காமிக்ஸ் எழுத்தாளர் கெயில் சிமோன் 1999-இல் ஒரு பட்டியல் தொகுத்தார்: ஆண் நாயகனுக்கு வலியைக் கொடுப்பதற்காகவே கொல்லப்பட்ட, சிதைக்கப்பட்ட, ஆற்றல் பறிக்கப்பட்ட பெண் பாத்திரங்களின் பட்டியல். 1994-இல் வந்த ஒரு கிரீன் லாண்டர்ன் இதழில் நாயகனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டியில் அடைத்துவைத்த காட்சிதான் அதற்குத் தூண்டுதல். லாரலின் சாவு அந்தப் பட்டியலில் கச்சிதமாகப் பொருந்துகிறது. பல ஆண்டுகள் போராடி பிளாக் கேனரி என்ற நாயகியானவள், கனவில் திரும்பி வரும்போது வழக்கறிஞராகவோ போராளியாகவோ வரவில்லை, ஆலிவருக்கு மணப்பெண்ணாக வருகிறாள். அழுதுகொண்டே ரசித்தவர்களும் அதைக் கவனித்தார்கள். இரண்டும் ஒரே மனத்தில் இருக்கலாம்.

கேள்வி: எர்த் எக்ஸ் திருமண முடிவு பற்றி உங்கள் கருத்து என்ன? ஆலிவரின் காதலி ஃபெலிசிட்டியின் ரசிகர்களும் பாரியின் காதலி ஐரிசின் ரசிகர்களும் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

முழுவதும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பெண் பாத்திரங்களை ஒரு கதை எப்படி ஒரே நேரத்தில் உயர்த்தவும் தாழ்த்தவும் முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

பாரிக்கும் ஐரிசுக்கும் திருமணம். எல்லாத் தொடர்களிலிருந்தும் விருந்தினர்கள் வருகிறார்கள். காரா பாடுகிறாள். ஐரிஸ் தேவாலயத்தில் நடந்து வருகிறாள். உறுதிமொழி முடிவதற்குள் நாஜிகள் உள்ளே புகுந்து பாதிரியாரைக் கொல்கிறார்கள். இதுவரை சரி, இது சூப்பர் ஹீரோ கதை.

பிறகு நடுப்பகுதி. சக்தி படைத்தவர்கள் பலரும் பிடிபட்டுவிட்டார்கள். காராவை அறுவைக் கட்டிலில் கட்டி, அந்த நாஜி பூமியின் காராவான, நோயுற்ற ஓவர்கேர்ளுக்குப் பொருத்துவதற்காக அவள் இதயத்தை எடுக்கப் பார்க்கிறார்கள். கட்டடத்துக்குள் வெளியே தெரியாமல் மிஞ்சியிருப்பவர்கள் ஐரிசும் ஃபெலிசிட்டியும். இருவருக்கும் எந்தச் சக்தியும் கிடையாது. காற்றுக் குழாய் வழியாக ஊர்ந்துபோய், நாஜிகளை ஏமாற்றி, காராவைக் கட்டிலிலிருந்து அவிழ்க்கிறார்கள். ஒரு பத்திரிகையாளரும் ஒரு கணினி நிபுணரும் சேர்ந்து உலகத்தின் மிக வலிமையான பெண்ணைக் காப்பாற்றுகிறார்கள். ஐரிஸ் ரசிகர்களும் ஃபெலிசிட்டி ரசிகர்களும் ஒன்றாகக் கைதட்டிய அபூர்வமான நேரம் அது.

அந்த நல்லெண்ணத்தைக் கடைசி ஐந்து நிமிடத்தில் கொட்டிக் கவிழ்த்தார்கள். போர் முடிந்து, பூங்காவில் பாரியும் ஐரிசும் ஆலிவரின் நண்பன் ஜான் டிகிள் முன்னிலையில் எளிமையாக மணம் செய்துகொள்கிறார்கள். டிகிள் முடிக்கும் நேரத்தில் ஃபெலிசிட்டி குறுக்கிட்டு, தங்களுக்கும் சேர்த்தே மணம் முடித்துவைக்கச் சொல்கிறாள். முதல் பகுதியில் ஒரு கூட்டமே கேட்கும்படி ‘உன்னை மணக்க விருப்பமில்லை’ என்று ஆலிவரிடம் சொன்ன அதே ஃபெலிசிட்டி. நம் ஊர்க் கல்யாணத்தில் தாலி ஏறுகிற நேரத்தில் வேறொரு ஜோடி வந்து மணையில் உட்கார்ந்தால் பெண் வீட்டார் என்ன சொல்வார்கள்?

இதில் ஐரிசுக்கு இன்னொரு கணக்கும் இருந்தது. காமிக்ஸில் வெள்ளைப் பெண்ணாக வரையப்பட்ட பாத்திரத்துக்குக் கறுப்பினத்தைச் சேர்ந்த கேண்டிஸ் பேட்டன் தேர்வானதிலிருந்தே அவர்மீது இனவெறி வசைகள் பொழிந்தன. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு ‘ஃப்ளாஷின் நாயகி இவள்தான்’ என்று ஆண்டுக்கணக்காக வாதாடிய கறுப்பினப் பெண் ரசிகைகளுக்கு அந்தத் திருமணம் அவர்களுடைய வெற்றியும்கூட. தேவாலயத்தில் ஒருமுறை பறிபோனது; பூங்காவிலும் பாதியைப் பங்குபோட நேர்ந்தது. அவர்கள் கொதித்ததில் எனக்கு முழு உடன்பாடு.

ஆனால் கோபம் போன திசை தவறு. குறுக்கிடும் வசனத்தை எழுதியது ஃபெலிசிட்டி அல்ல, நடித்த எமிலி பெட் ரிக்கர்ட்சும் அல்ல. இரண்டு பெண் பாத்திரங்களின் ரசிகர்கள் ஒருவரையொருவர் கிழித்துக்கொண்டார்கள். அந்த முடிவை எழுதியவர்கள் பெயரைச் சொன்னவர்கள் மிகக் குறைவு.

கேள்வி: அதே கதையில் அலெக்சும் சாராவும் ஓர் இரவு சேர்ந்தது தேவையா? விளம்பரத்துக்காகச் செய்ததாகவே தோன்றியது.

காராவின் அக்கா அலெக்ஸ் அப்போதுதான் தன் காதலி மேகியைப் பிரிந்திருந்தாள். அவசரம் என்று நினைத்தவர்கள் உண்டு. நான் வேறு விதமாகப் பார்க்கிறேன். அதற்கு முந்தைய ஆண்டு, 2016 மார்ச்சில், இதே சிடபிள்யூவின் ‘தி ஹண்ட்ரட்’ தொடரில் லெக்ஸா என்ற பாத்திரம் தன் காதலியோடு சேர்ந்த உடனேயே சுடப்பட்டு இறந்தாள். பெண்ணை நேசிக்கும் பெண் என்றால் திரையில் அவளுக்குச் சாவுதான் என்ற பழைய வழக்கம் மறுபடி அரங்கேறியதாக ரசிகைகள் உலகம் முழுவதும் குரல் எழுப்பினார்கள். அந்தக் காயம் ஆறாத நேரத்தில் அலெக்சும் சாராவும் மறுநாள் காலை எழுந்து, கொஞ்சம் சங்கடப்பட்டு, தேவாலயத்தில் தோளோடு தோள் நின்று நாஜிகளை அடித்து நொறுக்கினார்கள். இருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை, இருவரும் சாகவில்லை. கடைசியில் சாரா அக்கறையோடு சொன்ன யோசனையோடு அலெக்ஸ் வீடு திரும்புகிறாள். ஆண் நாயகர்களுக்கு எப்போதும் கிடைத்துவந்த அந்தச் சாதாரணம் இவர்களுக்கும் கிடைத்ததே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

கேள்வி: நான் சிறுவயதிலிருந்து சூப்பர்மேன் ரசிகன். பெண்களைத் தூக்கிப் பிடிப்பதற்காக அவரை மட்டம் தட்டிவிட்டார்கள் என்பது என் எண்ணம். கிராஸ்ஓவர்களில் ஆண்களுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. மறுப்பீர்களா?

மறுக்கிறேன், ஆனால் உங்கள் அன்பை மதித்தே மறுக்கிறேன்.

உங்கள் எண்ணத்தின் வேர் எனக்குத் தெரியும். 2017 மே மாதம் வந்த சூப்பர்கேர்ள் இரண்டாம் சீசன் இறுதியில் காரா சூப்பர்மேனைத் தோற்கடிக்கிறாள். அப்போது அவர் மாயத் தோற்றம் காட்டும் வெள்ளி கிரிப்டனைட் கல்லின் மயக்கத்தில் இருந்தார். ஆனாலும் தெளிந்த பிறகு, தன் முழு பலத்தோடுதான் மோதியதாகவும் அவள் தன்னைவிட வலிமையானவள் என்றும் அவரே சொல்கிறார். ஒரு பெரியவர் தம் வீட்டுப் பெண்ணின் திறமையைப் பொறாமையின்றி ஒப்புக்கொள்கிறார். எனக்கு அவர்மீது மதிப்பு கூடியது அந்த இடத்தில்தான்.

‘கிரைசிஸ்’ கதையை எடுத்துக்கொள்ளுங்கள். டைலர் ஹோக்லின், பிராண்டன் ரூத், டாம் வெல்லிங் என்று மூன்று தலைமுறைச் சூப்பர்மேன்களை ஒரே கதையில் கொண்டுவந்தார்கள். கெவின் கான்ராய், பர்ட் வார்ட், எஸ்ரா மில்லர், டாம் எல்லிஸ் என்று சிறப்புத் தோற்றங்களில் பெரும்பாலானவை ஆண்களுக்கே. பெண்கள் பக்கம் எரிக்கா டுரன்ஸ் கென்ட் பண்ணைக்கு வந்து போனார். 2002-இல் வந்த ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ தொடரின் ஹன்ட்ரஸ் ஒரு சில விநாடிகள் தோன்றி, வானம் சிவந்து, அழிந்துபோனாள். பிரபஞ்சம் மறுபடி பிறப்பதற்கான தீப்பொறியை மூட்டுவதும் ஆலிவர்தான். ஆண்களுக்கு இடமில்லை என்று இதைப் பார்த்த பிறகும் சொல்வது எப்படி?

உண்மையில் நடந்தது வேறு. 2014-இல் இரண்டு தொடர்கள், இரண்டும் ஆண் நாயகனின் பெயரில். 2019-இல் ஐந்து தொடர்கள். ‘சூப்பர்கேர்ள்’, ‘பேட்வுமன்’ இரண்டும் பெண் பெயரில், ‘லெஜண்ட்ஸ்’ குழுவுக்குக் கேப்டன் சாரா. மேசை பெரிதானது. யாரையும் எழுப்பிவிட்டு யாரும் உட்காரவில்லை.

கேள்வி: காமிக்ஸ் ‘கிரைசிஸ்’ கதையில் சூப்பர்கேர்ள் உயிர்த்தியாகம் செய்வாள். டிவியில் அதை ஆலிவருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பெண்ணின் மிகப்பெரிய தியாகத்தை ஆணுக்கு மாற்றியது சமநிலைக்கு எதிரானது ஆகாதா?

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. என் நண்பர்கள் வட்டத்திலும் இதற்கு இரு கட்சி உண்டு.

மார்வ் உல்ஃப்மேன் எழுதி ஜார்ஜ் பெரெஸ் வரைந்த அந்தக் கதை 1985, 1986 ஆண்டுகளில் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. ஏழாம் இதழில் காரா இறக்கிறாள், எட்டாம் இதழில் பாரி. அவள் உடலைக் கைகளில் ஏந்தி சூப்பர்மேன் கதறும் அட்டைப்படம் காமிக்ஸ் வரலாற்றிலேயே மிகப் புகழ்பெற்றவற்றில் ஒன்று. பெரெஸின் கோடுகள் என்னையும் உலுக்குகின்றன. ஆனால் அந்தப் படம் யாரைப் பற்றியது என்று பாருங்கள். கண்ணீர் வழியும் முகம் அவருடையது. அவள் தலை பின்னால் சாய்ந்து கிடக்கிறது. அதன் பிறகு பல பத்தாண்டுகள் சூப்பர்கேர்ள் என்றாலே ‘இறந்துபோனவள்’ என்பதே அவளுடைய முதன்மையான புகழ். அவள் வாழ்ந்த கதைகளைவிட அவள் செத்த ஓர் இதழ் பெரிதாகிவிட்டது.

டிவியில் அதை எப்படி மாற்றினார்கள்? 2018 ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ முடிவில் காராவும் பாரியும் உலகைச் சுற்றி எதிரெதிர்த் திசைகளில் பறந்தும் ஓடியும் காலத்தை மெதுவாக்குகிறார்கள். அந்த முயற்சியில் இருவரும் சாக வேண்டியது விதி. ஆலிவர், பிரபஞ்சங்களைக் கண்காணிக்கும் மானிட்டரிடம் போய் அவர்கள் உயிருக்குப் பதில் தன் உயிரைப் பேரம் பேசுகிறான். காமிக்ஸில் இறந்த அதே இருவர். அடுத்த ஆண்டு அந்தக் கடனை அடைக்கிறான். எட்டு சீசன்களோடு அவன் தொடரும் முடிவதாக இருந்ததால் அந்தச் சாவு அவன் கதைக்கு இயல்பான நிறைவு.

காராவுக்குக் கிடைத்தது வேறொன்று. தன் பூமி கண்முன்னே அழிவதைப் பார்த்து, நம்பிக்கையின் அடையாளம் என்று பெயரிடப்பட்டவளே நம்பிக்கை இழந்து, ஆபத்தான புத்தகத்தைப் பயன்படுத்தியாவது எல்லாரையும் திரும்பக் கொண்டுவரத் துடித்து, மீண்டும் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறாள். தியாகம் கண நேரத்து வேலை. பிழைத்திருந்து துக்கத்தைச் சுமப்பதற்கு ஒரு பெண் பாத்திரத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தது எனக்கு அந்த அட்டைப்படத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கேள்வி: ஏழு ‘பேரகன்’களில் பெண்கள் மூவர் மட்டும்தானே?

ஆம். ‘கிரைசிஸ்’ கதையில் பிரபஞ்சத்தை மீட்கத் தேவைப்படும் ஏழு பேர்தான் பேரகன்கள், ஒவ்வொருவரும் ஒன்றின் அடையாளம். நம்பிக்கைக்குக் காரா, விதிக்குச் சாரா, துணிவுக்குப் பேட்வுமனான கேட் கேன். மற்ற நால்வர் பாரி, ஜான் ஜோன்ஸ், ரயன் சோய், எர்த் 96 பூமியின் சூப்பர்மேன். பின்னர் வில்லன் லெக்ஸ் லூதர் தந்திரமாக அந்தச் சூப்பர்மேனின் இடத்தைப் பிடிக்கிறான். கடைசிக் காட்சியில் வட்ட மேசையைச் சுற்றி அமரும் ஏழு பேரிலும் பெண்கள் அதே மூவர்தான்.

நான்கு–மூன்று என்பதில் எனக்குக் குறையில்லை. அந்த மூன்றில் ஒன்று எப்படி வந்தது என்று பாருங்கள். துணிவின் பேரகன் ‘எதிர்காலத்தின் வவ்வால்’ என்று சொல்லப்பட்டதும், எல்லாரும் அது பேட்மேனான புரூஸ் வேனாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறார்கள். கேட்டும் அப்படியே நினைத்து, காராவோடு எர்த் 99 பூமிக்குப் போகிறாள். பல ஆண்டுகள் பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் அங்கே முதுமையும் கசப்பும் நிறைந்த புரூசாக, உடலைத் தாங்கும் இயந்திரச் சட்டத்தோடு நிற்கிறார். இவன் சூப்பர்மேனையே கொன்றவன். துணிவு இவனிடம் இல்லை என்று உணர்ந்த பிறகுதான் அந்தச் சொல் தன்னைக் குறித்தது என்பது கேட்டுக்குப் புரிகிறது. ஒரு பெண் தனக்குரிய இடத்தைக்கூட முதலில் ஓர் ஆணுக்கு என்று எண்ணித் தேடிப் போவது, பார்க்கும் பல பெண்களுக்குத் தெரிந்த அனுபவம். அங்கிருந்து அவள் காராவுக்கு எதிராகப் பயன்படக்கூடிய கிரிப்டனைட்டை எடுத்துவருகிறாள். பின்னால் அதைக் காராவிடமே காட்டி ஒப்புக்கொள்ளும்போது, ‘நீயே வைத்துக்கொள்’ என்கிறாள் காரா. காதலையோ ஆணையோ பற்றி ஒரு சொல்கூட இல்லாமல் இரண்டு நாயகிகளுக்கு நடுவே நம்பிக்கை பிறக்கிறது. இப்படி ஒரு காட்சி 2014-இல் எழுதப்பட்டிருக்கும் என்று என்னால் கற்பனைகூடச் செய்ய முடியவில்லை.

கேள்வி: கேமராவுக்குப் பின்னால் நிலைமை எப்படி?

இங்கேதான் எனக்கு உண்மையான கோபம். கடைசிக் காட்சியில் மட்டும் சேர்ந்த சூப்பர்கேர்ள் எபிசோடை விட்டால் ‘இன்வேஷன்’ மூன்று, எர்த் எக்ஸ் நான்கு, ‘எல்ஸ்வேர்ல்ட்ஸ்’ மூன்று, ‘கிரைசிஸ்’ ஐந்து என்று 2016 முதல் 2020 வரை பதினைந்து எபிசோடுகள். இவற்றில் பெண் இயக்கியது ஒன்றே ஒன்று: ‘கிரைசிஸ்’ இரண்டாம் பகுதியான பேட்வுமன் எபிசோடை இயக்கிய லாரா பெல்சி. நான் மேலே சிலாகித்த கேட், காரா, புரூஸ் காட்சிகள் அந்தப் பகுதியில்தான் வருகின்றன.

திறமையுள்ளவர்கள் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. இத்தொடர்களின் நடிகைகளே வழக்கமான எபிசோடுகளை இயக்கிக்கொண்டிருந்தார்கள். டேனியல் பேனபேக்கர் 2019 ஏப்ரலில் ஃப்ளாஷ் எபிசோடை இயக்கினார். கேட்டி கேசிடி அதே ஆண்டு ஆரோ கடைசி சீசனில் ஒன்றை இயக்கினார். சூப்பர்கேர்ளாக நடித்த மெலிசா பெனாய்ஸ்டும் கேய்ட்டி லாட்சும் 2020-இல் தத்தம் தொடர்களில் இயக்குநர் நாற்காலியில் அமர்ந்தார்கள். தொடர்களை நடத்தியவர்களிலும் பேட்வுமனை உருவாக்கிய கரோலின் டிரைஸ், சூப்பர்கேர்ளின் ஜெசிகா குவெல்லர் போன்றவர்கள் இருந்தார்கள். பெரிய செலவு, பெரிய கவனம் என்று வரும்போது மட்டும் பொறுப்பு மறுபடி மறுபடி அதே சில ஆண் இயக்குநர்களிடம் போனது. போஸ்டரில் தலைகளை எண்ணும் ரசிகர்கள், எபிசோடின் தொடக்கத்தில் ஓடும் பெயர்களையும் எண்ண வேண்டும் என்பது என் விருப்பம்.

கேள்வி: எர்த் எக்ஸ் ஒளிபரப்பான நேரத்தில் தயாரிப்பாளர் ஒருவர் நீக்கப்பட்டாரே, அதைப் பற்றி?

அந்தக் கதையில் சேர்ந்த நான்கு தொடர்களிலும் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த ஆண்ட்ரூ கிரைஸ்பெர்க்மீது பாலியல் துன்புறுத்தல் புகார்கள் வெளிவந்து, 2017 நவம்பர் 10 அன்று வார்னர் நிறுவனம் அவரை இடைநீக்கம் செய்தது. கிராஸ்ஓவர் முடிந்த மறுநாள், நவம்பர் 29 அன்று, வேலையிலிருந்து நீக்கியது. அவர் குற்றச்சாட்டுகளை மறுத்தார். மெலிசா பெனாய்ஸ்ட் அப்போது வெளிப்படையாக அறிக்கை விட்டார். ஒரு பெண்ணின் பெயரில் ஓடும் தொடரின் முகமாக இருப்பவர் மௌனமாக இருக்கவில்லை என்பது ரசிகைகளுக்குப் பெரிய ஆறுதல். நாஜிகளை அடிக்கும் நாயகிகளைப் பார்த்து மகிழ்ந்த அதே வாரத்தில் இதையும் ஜீரணிக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ரூபி ரோஸ் பேட்வுமனாக வந்தபோது எதிர்ப்பு ஏன்?

2018 ஆகஸ்டில் அவர் பெயர் அறிவிக்கப்பட்டதும் நடிப்புத் திறன், பாத்திரத்தின் யூதப் பின்னணி அவருக்கு இல்லாதது, போதுமான அளவு லெஸ்பியன் இல்லை என்றெல்லாம் பல பக்கங்களிலிருந்து தாக்கினார்கள். அவர் ட்விட்டரை விட்டே விலகினார். யூதப் பின்னணி பற்றிய கேள்வி பேச வேண்டியதே. மற்றது ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு மதிப்பெண் போடும் வேலை. முதல் சீசனோடு, 2020 மே மாதம், அவர் தொடரிலிருந்து வெளியேறினார். பின் ஜவிசியா லெஸ்லி புதிய பேட்வுமனாக வந்தார். திரையில் அந்த உடையை அணிந்த முதல் கறுப்பினப் பெண் அவர். அவருடைய பேட்வுமனுக்கு ‘கிரைசிஸ்’ அளவுக்கு ஒரு பெரிய கிராஸ்ஓவர் கிடைக்காமல் போனதுதான் என் ஏக்கம்.

கேள்வி: சூப்பர்கேர்ள் பாவாடையை மாற்றிக் கால்சட்டை கொடுத்தது நல்லதா கெட்டதா?

நல்லது. 2019 அக்டோபரில் ஐந்தாம் சீசனோடு மாறியது. வான்கூவரில் குளிர்காலத்திலும் வெளிப்புறப் படப்பிடிப்பு நடக்கும் தொடர் அது. பறந்து, விழுந்து, உருண்டு நடிப்பவர் உடல் சௌகரியமாக இருக்க வேண்டும். பழைய உடையை விரும்பியவர்களுக்கு நான்கு சீசன்கள் இருக்கின்றன.

கேள்வி: ஆலிவரின் மகள் மியாவுக்குத் தனித் தொடர் வரும் என்றார்களே?

மியாவும் இரண்டு கேனரிகளுமாக மூன்று பெண்கள் நடத்தும் தொடருக்கு 2020 ஜனவரியில் ஆரோவின் ஓர் எபிசோடையே முன்னோட்டமாக எடுத்தார்கள். சிடபிள்யூ அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது 2021 ஜனவரியில் உறுதியானது. வில்லைத் தந்தை கொடுத்துவிட்டுப் போனார், சேனல் களத்தைக் கொடுக்கவில்லை.

கேள்வி: என் மகளுக்குப் பதினோரு வயது. அவளோடு சேர்ந்து பார்க்க ஒரே ஒரு கிராஸ்ஓவர் சொல்லுங்கள். எர்த் எக்ஸ் வன்முறை அவளுக்கு வேண்டாம் என்று நினைக்கிறேன்.

சரியான முடிவு, எர்த் எக்ஸ் இன்னும் சில ஆண்டுகள் பொறுக்கட்டும். முதலில் 2016 மார்ச் 28 அன்று வந்த சூப்பர்கேர்ள் முதல் சீசனின் பதினெட்டாம் எபிசோடைப் போடுங்கள். அப்போது அந்தத் தொடர் சிபிஎஸ் சேனலில் இருந்தது. பாரி வழிதவறி அந்தப் பூமியில் வந்து விழுகிறான். ரசிகர்கள் கிராஸ்ஓவர் கணக்கில் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுவே முதல் தேர்வு. வீடு காராவுடையது, பாரி விருந்தாளி. அலுவலகத்தில் அவளுடைய முதலாளி கேட் கிராண்ட் ஒரு பெண். எதிரிகள் இருவரும், லைவ்வயரும் சில்வர் பான்ஷீயும், பெண்கள். சண்டையின் உச்சத்தில் காரா விழுந்து கிடக்கும்போது அவளைக் காப்பது பாரியும் அல்ல. சாதாரணப் பொதுமக்கள் அவளுக்கு முன்னால் வந்து அரணாக நிற்கிறார்கள், தீயணைப்பு வீரர்கள் குழாய் நீரைப் பாய்ச்சி லைவ்வயரை வீழ்த்துகிறார்கள். கடைசியில் காராவும் பாரியும் யார் வேகம் என்று பந்தயம் ஓடுகிறார்கள். உங்கள் மகள் யார் பக்கம் கத்துகிறாள் என்று எனக்கும் எழுதுங்கள்.